தலையாட்டலும் பாலைவன ஆஸ்பத்திரியும்

எங்கள் பிள்ளைகள் சிலர் இப்போது இத்தாலியில், இந்தப் பலெர்மோவில் கட்டடக்கலை அலுவலகங்களில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறார்கள். சேர்ந்த கையோடு என்னிடம் வந்து, "அன்ரி, நீங்கள் அந்த ஆஸ்பத்திரி வேலையைப் பற்றி ஒருக்கா எழுதித் தாங்கோவன்" என்று கேட்கிறார்கள். எழுதலாம். ஆனால் கோடு எப்படிப் போடுவது, எந்தச் சுவர் எவ்வளவு தடிப்பு, கம்ப்யூட்டரில் எந்தப் பொத்தானை அமத்துவது என்று இதிலே தேட வேண்டாம். அந்த விஷயத்தில் நீங்கள் என்னைக் கொண்டுபோய் விற்றுவிட்டு வருவீர்கள். நான் எழுதப் போவது என் தலையைப் பற்றி. உள்ளே இருக்கும் மூளையை அல்ல, கழுத்துக்கு மேலே ஆடுகிற தலையை.

என் பெயர் மனோன்மணி. வீட்டில் மனோ. வவுனியாவில் ஓர் அலுவலகத்தில் படவரைஞராக இருந்தவள். யுத்தம் முடிந்த பிறகு கணவரிடம் பலெர்மோவுக்கு வந்தேன். அவர் எனக்கு முன்பே வந்து ஒரு முதியவரைப் பராமரிக்கும் வேலையில் இருந்தார். பல்லரோச் சந்தைக்குப் பின்னால் இரண்டு அறை வீடு. நானும் வந்த கொஞ்ச நாளிலேயே சீசா என்ற பகுதியில் ஒரு சிஞ்ஞோராவின், அதாவது ஓர் இத்தாலிய அம்மாவின், வீட்டைத் துப்புரவாக்கும் வேலையில் சேர்ந்துவிட்டேன். பின்னேரங்களில் மொழி படித்தேன், பிறகு இத்தாலியப் படவரைவுக்கான தேர்வையும் எழுதித் தேறினேன்.

அந்தச் சமயத்தில்தான் கபோ சந்தைக்கு மேலே மூன்றாம் மாடியில் இருந்த ஒரு சிறிய கட்டடக்கலை அலுவலகத்துக்குப் பெரிய வேலை ஒன்று வாய்த்தது. பாலைவன நகரம் ஒன்றில் ஒரு பெரிய ஆஸ்பத்திரி வளாகம். தாய் சேய்க்கு ஒரு கட்டடம், இருதயத்துக்கு ஒன்று, பிள்ளைகளுக்கு ஒன்று, நடுவே நிழல் பாதைகள், தாதிமாருக்குக் குடியிருப்பு என்று ஓர் ஊர் அளவுக்கு வரும். வரைய ஆள் போதவில்லை. நான் போய் நின்றேன். அலுவலகத் தலைவி என் பெயரைக் கேட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். இத்தாலிய மொழியில் மனோ என்றால் கை. "கை வேணும் எண்டு விளம்பரம் போட்டன், கையே வந்திட்டுது" என்றார். அன்றைக்கே மேசை தந்தார்.

அவரை நாங்கள் ஆர்க்கிதெத்தா என்றுதான் கூப்பிடுவோம், கட்டடக்கலைஞர் என்று பொருள். கொண்டையில் பென்சில் செருகியிருப்பார். அதை மறந்துவிட்டு அலுவலகம் முழுக்கப் பென்சில் தேடுவார். அவருக்கு வலது கை சால்வோ என்ற எஞ்சினியர். குளிரூட்டல், தண்ணீர், காற்று எல்லாம் அவன் பொறுப்பு. நல்ல பிள்ளை, ஆனால் வாய் ஓயாது.

இனித் தலைக்கு வருகிறேன். நாங்கள் ஓம் என்று சொல்லும்போது தலையைப் பக்கவாட்டில் ஆட்டுவோம் அல்லவா. பிறந்ததிலிருந்து ஆட்டுவதால் அது ஆடுவதே நமக்குத் தெரியாது. சேர்ந்த முதல் வாரம் ஆர்க்கிதெத்தா அவசரமாகக் கடந்து போகும்போது கேட்டார்.

"மனோ, தாய் சேய்க் கட்டடத்தை வடக்குப் பக்கம் திருப்பியாச்சோ?"

நான் திருப்பியிருந்தேன். தலையை ஆட்டினேன். இந்த ஊரில் அந்த ஆட்டலுக்கு, என்னமோ, அரையும் குறையும் என்று அர்த்தம். அவர் பேசாமல் போய் சால்வோவிடம் மிச்சத்தைத் திருப்பச் சொல்லியிருக்கிறார். அவனும் இன்னொரு கால் சுற்றுத் திருப்பிவிட்டான். இதை அறியாமல் நாங்கள் எல்லாரும் அதன் மேலேயே வேலை செய்துகொண்டிருந்தோம். கடைசியில் சால்வோ குளிரூட்டல் கணக்கோடு தலையைச் சொறிந்துகொண்டு வந்து நின்றான். பிள்ளை பெற்ற தாய்மாரின் அறை யன்னல்கள் முழுவதும் மேற்கு வெயிலைப் பார்த்துக்கொண்டிருந்தன. அதுவும் பாலைவனத்து வெயிலை.

"வடிவான, ரொட்டி சுடுற போறணை ஒண்டு கட்டியிருக்கிறம். தாயும் பிள்ளையும் ஒண்டா வெந்து வரும்" என்றார் ஆர்க்கிதெத்தா.

யார் திருப்பியது, ஏன் திருப்பியது என்று விசாரித்ததில் விஷயம் என் கழுத்தில் வந்து நின்றது. நான் ஓம் என்றபடி ஆட்டிக் காட்டினேன். அவர் அதைப் பார்த்துத் திகைத்தார். பிறகு என்னை முன்னால் நிறுத்திப் பலெர்மோக்காரரின் இல்லையைப் பழக்கினார். நாடியை மேலே தூக்க வேண்டும், நாக்கைப் பல்லில் வைத்து 'ட்ச்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். சால்வோ ஒவ்வொரு நாளும் தேநீர் நேரத்தில் பரீட்சை வைத்தான். நன்றாகப் பழகிவிட்டேன், பழக்கம் வீடு வரைக்கும் வந்தது. ஒருநாள் கணவர் இன்னும் சோறு வேண்டுமா என்று கேட்க, நான் நாடியைத் தூக்கி 'ட்ச்' என்றேன்.

"என்னப்பா, உமக்குப் பல்லுக்கை ஏதும் மாட்டுப்பட்டிட்டுதோ?" என்றார் அவர்.

இப்படிச் சிரித்துக்கொண்டே போன வேலையில் ஒரு நாள் சிரிப்பு நின்றது. வளாகத்தின் முதல் வரைவை அந்த நகரத்தார் ஏற்றால்தான் அடுத்த கட்டம் எங்களுக்கு. ஏற்காவிட்டால் வேலை வேறொருவருக்குப் போகும், அலுவலகத்தில் கடைசியாக வந்த நான் முதலாவதாகப் போவேன். இதை ஆர்க்கிதெத்தா ஒளிக்காமல் சொன்னார். சீசாவில் இருந்த என் சிஞ்ஞோராவும் எனக்காக இடத்தை வைத்துக்கொண்டிருந்தார். "உன்ரை கோடு கீறுற விளையாட்டு முடிஞ்சால் வா. ஆனால் மாதம் முடியுமட்டும்தான் பாத்திருப்பன்" என்று சொல்லியிருந்தார். பெர்மெஸ்ஸோ என்ற வதிவிட அனுமதியைப் புதுப்பிக்க எந்த வேலை என்றாலும் காணும். வீடு துடைப்பதில் எனக்கு ஒரு குறையும் இல்லை, அந்த வேலைதான் எங்களுக்குச் சோறு போட்டது. ஆனாலும் அத்தனை வருஷத்துக்குப் பிறகு ஒரு மேசையும் விளக்கும் கிடைத்து, நான் போட்ட கோடு இன்னொரு ஊரில் சுவராக எழும்பும் என்று நினைத்து நினைத்துச் சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தேன். அதை விட்டுப்போக எனக்கு மனமில்லை. கோயிலில் நேர்த்தி வைக்காத குறை.

சிக்கல் எங்கே வந்தது என்றால், குடும்பக் கூடத்தில். ஆர்க்கிதெத்தா ஒவ்வொரு வார்ட்டின் கடைசியிலும் ஒரு கூடம் வைத்திருந்தார். நோயாளியின் வீட்டார் வந்து இருக்க, பாய் விரித்துச் சாய, தேத்தண்ணி போட. ஈச்சமரத் தோட்டத்தைப் பார்த்தபடி ஒரு பெரிய யன்னல். அந்த யன்னலில் அவருக்கு உயிர். அந்த நகரத்து நிர்வாகம் வைத்திருந்த ஆலோசகருக்கு இது கண்ணில் குத்தியது. அவர் குளிர்நாட்டுக்காரர். ஒரு நோயாளிக்கு இரண்டு பேர் வந்து பார்த்துவிட்டுப் போனால் போதும், மாடிக்கூடங்களை எடுத்துவிட்டு வாசலில் ஒரு பெரிய மண்டபம் வையுங்கள் என்று நின்றார். மண்டபத்தை வைத்தால் வரைவு அப்படியே நிறைவேறும். கூடங்களுக்காக மல்லுக்கட்டினால் வரைவு முழுதும் கவிழலாம்.

கடைசிக் கூட்டம் கம்ப்யூட்டரில் நடந்தது. அன்றைக்குச் சிரோக்கோ அடித்தது. அது ஆபிரிக்கப் பக்கத்திலிருந்து வரும் சூடான காற்று, மேசையெல்லாம் மண். யன்னலைத் திறந்தால் கீழே மீன் விற்கிறவனின் சத்தம், பூட்டினால் வேர்வை. திறந்தே வைத்தோம். திரையில் அந்தப் பக்கம் மூன்று பேர். ஆஸ்பத்திரியின் தலைமை வைத்தியர், அந்த ஊர்க்காரர். பக்கத்தில் ஆலோசகர். ஓரத்தில் கண்ணாடி போட்ட ஒரு தலைமைத் தாதி, பார்த்தால் நம் பக்கத்து முகம். புதிய வளாகத்தின் வார்ட்டுகள் எல்லாவற்றையும் நடத்தப் போகிறவர் அவர்தான்.

"அங்கே ஏதாவது சண்டையா?" என்று வைத்தியர் ஆங்கிலத்தில் கேட்டார்.

"இல்லை டாக்டர், மத்தி மீன் மலிவாம்" என்றான் சால்வோ.

வைத்தியர் சிரித்தார். ஆலோசகர் சிரிக்கவில்லை. நேரே தாதியிடம் திரும்பிக் கேட்டார். வாசலில் பெரிய மண்டபம் இருக்கும்போது மாடியில் கூடங்கள் தேவையில்லைதானே, உங்கள் தாதிமாருக்கும் அதுதானே வசதி?

தாதியின் தலை ஆடியது. இந்தப் பக்கம், அந்தப் பக்கம், மெல்லமாக.

ஆலோசகர் வேறு ஊர்களில் நம்மவர்களோடு வருஷக்கணக்காக வேலை செய்தவர், நம் தலையாட்டல் அவருக்குப் பழக்கம். "ஆம் என்கிறார்" என்று குறித்துக்கொண்டார். எங்கள் பக்கத்தில் சால்வோ குனிந்து, "இது மனோ ஆட்டுற மாதிரி இல்லை, அந்த அம்மாவுக்கு விருப்பமில்லை, தலையைப் பாருங்கோ" என்று குசுகுசுத்தான். ஆர்க்கிதெத்தா ஒலியை நிறுத்திவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"மனோ, உன்ரை ஆக்களின்ரை தலை. என்ன சொல்லுது?"

பிள்ளைகளே, இந்த இடத்தில்தான் நான் உங்களை நிறுத்தி வைக்க விரும்புகிறேன். இல்லை என்கிறார் என்று நான் சொன்னால் ஆர்க்கிதெத்தாவின் கூடங்களுக்கு ஒரு பிடி கிடைக்கும், ஆனால் சண்டை வளர்ந்து வேலையே போகலாம். ஓம் என்கிறார் என்றால் மண்டபத்தை வைத்து வேலையை முடிப்போம், என் மேசை எனக்கு. எந்தப் பக்கம் மொழிபெயர்த்தாலும் என்னைக் கேள்வி கேட்க அந்த அறையில் ஆள் இல்லை. ஓம் என்று சொல்ல என் வாய் உன்னியது என்பதையும் மறைக்கப் போவதில்லை. ஆனால் அந்தத் தலையை நான் நன்றாகப் பார்த்தேன். அந்த ஆட்டம் எனக்குத் தெரியும். வவுனியாவில் மேலதிகாரி வந்து நின்று நீளமாக விளக்கம் கொடுக்கும்போது நானும் அப்படித்தான் ஆட்டுவேன். அதில் ஓமும் இல்லை, இல்லையும் இல்லை. நீர் சொல்லி முடியும் ஐயா என்பதுதான் அது. ஆனால் அதுவும் என்னுடைய ஊகம்தானே.

"எனக்குத் தெரியாது. அவவைத்தான் கேக்க வேணும். தமிழிலை கேக்கட்டோ?" என்றேன்.

தாதி தமிழ் என்பது எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். கூட்டம் தொடங்கும்போது அவருடைய போன் அடித்தது, "அப்புறம் பேசுறேன், வை" என்று முணுமுணுத்தார். அதைக் கேட்டதிலிருந்து எனக்கு உள்ளுக்குள் ஒரு குறுகுறுப்பு. ஆர்க்கிதெத்தா ஒரு கணம் என்னைப் பார்த்தார். பிறகு தன் கதிரையை எனக்குத் தள்ளினார். ஒலியைத் திறந்து வைத்தியரிடம் அனுமதி கேட்டார், அவர் கையைக் காட்டினார். நான் திரைக்கு முன்னால் இருந்தேன்.

"அம்மா, வணக்கம். நீங்கள் இப்ப தலை ஆட்டினீங்கள். அது ஓம் எண்டோ, இல்லை எண்டோ, இல்லாட்டிக் கேட்டுக்கொண்டிருக்கிறன் எண்டோ?"

அந்த அம்மாவின் கண்கள் விரிந்தன. பிறகு கையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

"ஐயோ, மூணாவதுதாங்க. அவரு பேசி முடிக்கட்டும்னு இருந்தேன். நீங்க சிலோன் தமிழா?"

"ஓம் அம்மா, வவுனியா. இஞ்சை எல்லாரும் உங்கடை தலையை வைச்சு ரெண்டாப் பிரிஞ்சு நிக்கினம். நீங்கள் வாயாலை சொல்லுங்கோ. மண்டபம் காணுமோ, கூடம் வேணுமோ?"

"ரெண்டும் வேணாங்க."

இரண்டு பக்கத்தையும் கவிழ்த்துவிட்டார். ஆனாலும் கேட்டாயிற்று, இனி முழுதும் கேட்கத்தான் வேண்டும். அவர் சொல்லத் தொடங்கினார். வாசல் மண்டபத்தில் ஒருத்தரும் இருக்க மாட்டார்கள். மகள் மேலே படுத்திருக்க, தாய் கீழே இருப்பாளா? எல்லாரும் மேலே வந்து வார்ட் நடைபாதையில் துணியை விரித்து உட்கார்ந்துவிடுவார்கள், கட்டிலைத் தள்ளிக்கொண்டு போக வழி இருக்காது. அவர் வேலை செய்த ஆஸ்பத்திரி எல்லாவற்றிலும் இதே கதைதான். அப்படியானால் எங்கள் கூடம் நல்லதுதானே என்று கேட்டேன்.

"கூடம் நல்லதுதாங்க. ஆனா கொண்டுபோய்க் கடைசியில தோட்டத்தைப் பாத்து வச்சிருக்கீங்க. தோட்டத்தை யாரு பாப்பா? அவங்களுக்குக் கதவைப் பாக்கணும். டாக்டர் உள்ள போனாரா, வெளிய வந்தாரா, முகம் எப்படி இருக்குன்னு பாக்கணும். நோயாளியைப் பாக்கக்கூட வேணாம், கதவு தெரிஞ்சாப் போதும். இல்லேன்னா மறுபடி நடைபாதைக்கே வந்துடுவாங்க."

நான் ஒரு சொல் விடாமல் இத்தாலியனில் சொன்னேன், சால்வோ அதை வைத்தியருக்கு ஆங்கிலத்தில் சொன்னான். தோட்டத்தை யார் பார்ப்பார் என்பதையும் சொன்னேன், அதைச் சொல்லும்போது ஆர்க்கிதெத்தாவின் முகத்தைப் பார்க்கவில்லை. அந்த யன்னலுக்காக அவர் எத்தனை தாளைக் கிழித்தார் என்று எனக்குத் தெரியும். கீழே மீன்காரன் கத்திக்கொண்டிருந்தான். ஆர்க்கிதெத்தா கொண்டையிலிருந்து பென்சிலை உருவினார். முதல் தடவையாகத் தேடாமல் உருவினார்.

"தோட்டத்தை விடுவம். மனோ, கூடத்தை நடுவுக்குக் கொண்டு வா. தாதிமாரின்ரை மேசைக்கு எதிரே. நடைபாதைப் பக்கம் முழுக்கக் கண்ணாடி. கீறு, எல்லாரும் பாக்கட்டும்."

அவ்வளவு பேர் பார்த்துக்கொண்டிருக்க நான் கீறினேன். கூடம் கடைசியிலிருந்து நடுவுக்கு வந்தது. கண்ணாடி வந்தது. சால்வோ என் தோளுக்கு மேலே நின்று, வெளிச்சுவர் குறைந்ததால் வெயிலும் குறையும், குளிரூட்ட இது இன்னும் சுகம் என்று ஆங்கிலத்தில் அடுக்கிக்கொண்டே போனான். திரையில் தாதி முன்னுக்குச் சாய்ந்து, "அதேதாங்க, அதேதான்" என்றார்.

ஆலோசகர் விடுகிற ஆள் இல்லை. வைத்தியரிடம் திரும்பினார். "டாக்டர், நாங்கள் முன்பே பேசியபடி கூடங்களை எடுத்துவிடுவோம், அப்படித்தானே?"

வைத்தியர் கதிரையில் சாய்ந்தார். நாடியை மேலே தூக்கி, நாக்கைப் பல்லில் வைத்து, 'ட்ச்' என்றார்.

ஆலோசகர் மேலே போன தலையை ஆம் என்றே எடுத்துக்கொண்டு, "மிக நல்லது" என்று எழுதத் தொடங்கினார். எங்கள் பக்கத்தில் சால்வோ கதிரையை விட்டு எழும்பிவிட்டான். கடலுக்கு அந்தப் பக்கத்திலும் இல்லை என்பதற்கு இதே நாடி, இதே 'ட்ச்'. சால்வோ திரையைப் பார்த்து அப்படியே நாடியைத் தூக்கிக் காட்டினான். வைத்தியர் அதைக் கண்டு மலர்ந்துபோய்த் திரும்பவும் 'ட்ச்' என்றார். இரண்டு பேரும் மாறி மாறிச் சொல்லிக்கொண்டிருக்க, ஆலோசகர் பேனாவோடு முழித்தார்.

நான் ஆர்க்கிதெத்தாவின் கையைப் பிடித்தேன். "வாயாலை சொல்லச் சொல்லுங்கோ" என்றேன். சந்தோஷத்தில்தான் ஆட்கள் பிழையாக விளங்குவார்கள். அவர் திரையின் பக்கம் திரும்பி மரியாதையாகக் கேட்டார். வைத்தியர் ஆலோசகரைப் பார்த்துத் தெளிவாகச் சொன்னார். கூடங்கள் இருக்கும், கதவைப் பார்த்து இருக்கும், வரைவை ஏற்கிறோம், அடுத்த கட்டத்தைத் தொடங்குங்கள்.

திரை அணைந்ததும் எழும்பிய சத்தத்தில் மீன்காரன் அண்ணாந்து பார்த்து யாருக்குக் கலியாணம் என்று கேட்டான். சால்வோ பல்கனியிலிருந்து கூடையைக் கயிற்றில் இறக்க, மத்தி மீன் நிறைந்து மேலே வந்தது. ஆர்க்கிதெத்தா என்னைக் கட்டிப்பிடித்தார், அவருடைய பென்சில் என் கன்னத்தில் குத்தியது. நான் அழுதேன் என்று சால்வோ இன்றைக்கும் கதை சொல்லித் திரிகிறான். அழுதேன்தான். சந்தோஷத்துக்கு வேறென்ன செய்வது.

உங்களுக்கு நான் சொல்ல வந்தது இதுதான். உங்களிடம் மூன்று மொழி இருக்கிறது, அதற்காகவே உங்களைக் கூட்டத்தில் பக்கத்தில் இருத்துவார்கள். அவர் என்ன நினைக்கிறார் என்று கேட்பார்கள். தெரிந்ததைச் சொல்லுங்கள். தெரியாததை உங்களுக்குத் தோதாக நிரப்பாதீர்கள், ஒருபோதும். கேட்டுத் தெரிந்துகொள்வதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

அடுத்த நாள் காலையில் சீசாவுக்குப் போனேன். போனில் சொல்லலாம்தான், ஆனால் அந்த மனிசி எனக்காக இடம் பார்த்திருந்தவர், நேரே போவதுதான் முறை. படி ஏறும்போது ஒருபக்கம் துள்ளலாகவும் ஒருபக்கம் பயமாகவும் இருந்தது. கதவைத் திறந்தவர் என் முகத்தைப் பார்த்த உடனேயே விளங்கிக்கொண்டார்.

"வரமாட்டாய், என்ன?"

"வரேல்லை, சிஞ்ஞோரா. வேலை கிடைச்சிட்டுது. ஆஸ்பத்திரி கட்டப் போறம்."

"என்ரை யன்னலை இனி ஆர் துடைக்கிறது?" என்று முறைத்தார். ஆனால் உள்ளே கூப்பிட்டுக் கோப்பி போட்டார். என்னை மேசையில் இருத்தித் தானே ஊற்றித் தந்தார். அது வரைக்கும் அந்த வீட்டில் நான் நின்றபடிதான் குடித்திருக்கிறேன். தானும் எதிரே இருந்தார். பிறகு, தன் கணவர் கடைசியாக ஆஸ்பத்திரியில் கிடந்ததைச் சொன்னார். இவ்வளவு காலத்தில் அதைப் பற்றி ஒரு சொல்லும் என்னிடம் கதைத்ததில்லை.

"நாள் முழுக்க நிண்டன், மனோ. உள்ளையும் விடேல்லை, இருக்கவும் இடமில்லை. கீழே போய் இருங்கோ எண்டினம். நான் கீழே போன நேரத்திலைதான் அவர் போனார்." கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டு என் கையைப் பிடித்தார். "நீ கீறுற ஆஸ்பத்திரியிலை, கதவு தெரியிற இடமாப் பாத்து ஒரு கதிரை போடு."

"போட்டிட்டம், சிஞ்ஞோரா" என்றேன். "நேற்றுத்தான் போட்டனாங்கள்."